யாருடைய தாய்நாடு? புதுச்சேரி போர் நினைவுச் சின்னத்தை வாசித்தல்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிர்ப்புறம், 1938இல் திறந்துவைக்கப்பட்ட ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. உயர்ந்த தூண்கள், தலை குனிந்து நிற்கும் ஒரு சிப்பாய். பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய்த் தாய்நாட்டுக்காக மாண்ட போர்வீரர்களுக்கு என்று பிரெஞ்சில் எழுதி, 1914–1918 என்று வருஷம் போட்டிருக்கிறது. ஜூலை 14 அன்று விளக்குப் போடுகிறார்கள். நவம்பர் 11 அன்று பிரெஞ்சுத் தூதரகத்தார் மலர்வளையம் வைக்கிறார்கள். மத்த நாளெல்லாம் வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நினைவுச் சின்னமும் எழுதப்பட்ட ஒரு பிரதிதான். கதையை, கவிதையை, புராணத்தை யார் எழுதினார்கள், யாருக்காக எழுதினார்கள், எதை மறைத்து எழுதினார்கள் என்று கேட்கிற நாம், கல்லைக் கண்டால் மட்டும் கும்பிடு போட்டுவிட்டு ஏன் நகர்ந்துவிட வேண்டும்? இந்தக் கல்லை வாசிக்கத்தான் வேண்டும். ஏனென்றால் அது யாருக்காக நிற்கிறதோ அவர்களில் கணிசமானவர்கள் நம்ம சேரியிலிருந்து போனவர்கள்.

முதலில் அந்தத் 'தாய்நாடு' என்ற சொல். பிரெஞ்சு மூலத்தில் இருப்பது 'பாத்ரி'. தாயையல்ல, தகப்பனைக் குறிக்கிற வேரிலிருந்து வந்த சொல். நம்ம பேச்சில் சொன்னால் அப்பன் பாட்டன் மண். அப்பன் பாட்டன் மண்ணுன்னு சொல்லிக்க நம்மாளுக்கு ஒரு காணி ஏது? குடியிருந்த குடிசைக்கே ஊர்க்காரன் தயவு வேண்டியிருந்தது. செத்தால் புதைக்கப் போகிற வழிக்கும் சண்டை. இப்படிப்பட்டவன் கப்பலேறிப் போய், கண்ணால் பார்த்திராத ஒரு தேசத்துக்காக, பேசத் தெரியாத ஒரு பாஷையில் உத்தரவு வாங்கிச் செத்தான். அவன் 'தாய்நாட்டுக்காக' செத்தான் என்று கல் சொல்கிறது. எந்த நாட்டை விட்டு, ஏன் போனான் என்பதைக் கல் சொல்லவில்லை.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் பிரெஞ்சுக்காரன் இங்கே சாதியை என்ன செய்தான் என்று பார்க்க வேண்டும். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் பேசியவன் புதுச்சேரியில் சாதியை ஒழிக்கவில்லை. 1819 ஜனவரி 6ஆம் தேதி உத்தரவிலேயே, இந்தியர்கள் அவரவர் சாதியின் சட்டப்படியும் வழக்கப்படியும் நடத்தப்படுவார்கள் என்று உறுதி கொடுத்துவிட்டான். சாதி வழக்கம் அரசாங்க வாக்குறுதியாகிவிட்டது. அதற்கு முன்னாலும் நிலைமை வேறில்லை. 1745இல் சம்பாக் கோவிலுக்குள் பறையரைத் தனியே பிரித்து நின்ற சுவரைப் பற்றிய தகராறை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சாமிக்கு முன்னாலேயே சுவர் இருந்த ஊர் இது.

வெளியேற ஒரே ஒரு வாசல் திறந்தது 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணையில். தன்னுடைய சொந்த வழக்கச் சட்டத்தை, அதாவது சாதி சார்ந்த அந்தஸ்தைத் துறக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் பிரெஞ்சு சிவில் சட்டம் அவனுக்குப் பொருந்தும். இப்படித் துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். பேருக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரும் வந்தது. முதலில் துறந்தவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக 1873இல் தடுக்கப்பட்டு, பாரிசு வரை போய் ஜெயித்த வக்கீல் அவர். வேளாளர். அவருடைய பூட்ஸ் வரலாற்றில் ஏறிவிட்டது, ஏறட்டும். அவர் திறந்த வாசல் வழியாகக் கூட்டங்கூட்டமாக நுழைந்தவர்களில் பெரும்பகுதி தாழ்த்தப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களும். அவர்கள் காலில் செருப்பில்லாதவர்கள். அவர்களுடைய கதையைத்தான் காணோம்.

வாசல் திறந்ததும் சாதிக்காரன் சும்மா இருந்தானா? சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் சாதி இந்துக்கள் துறந்தவர்களை எதிர்த்து நின்றார்கள். 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர் ஒன்று, துறந்தவர் ஒன்று, மற்ற இந்தியர் ஒன்று. 1899இல் துறந்தவர்களின் தனிப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். தாளில் சாதியைத் துறக்கலாம், ஊரில் அதிகாரம் கேட்கக் கூடாது. மிச்சமிருந்த வழி கப்பல். சைகோனில் ஒரு வேலை, அல்லது பட்டாளம். பட்டாளத்தில் சட்டை கிடைத்தது, பூட்ஸ் கிடைத்தது, பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடைத்தது. இதைத் தேசபக்தி என்று எழுதுகிறவன் எழுதிக்கொள்ளட்டும். நாம் இதைச் சாதியிலிருந்து தப்பித்து ஓடியது என்று எழுத வேண்டும்.

இந்தச் சின்னம் திறக்கப்பட்ட காலத்தையும் கவனிக்க வேண்டும். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் மீது இதே பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தி 12 பேரைக் கொன்றது. இரண்டு வருஷம் கழித்து அதே அரசு தூணும் சிலையும் வைத்துத் 'தனக்காகச் செத்த' இந்தியனுக்கு அஞ்சலி செலுத்துகிறது. தனக்காகச் செத்தால் தூண், தன்னை எதிர்த்து நின்றால் தோட்டா. ஜூலை 30ஐத் தொழிற்சங்கத் தோழர்கள் தியாகிகள் தினமாக நினைவுகூர்கிறார்கள். நவம்பர் 11 தூதரகத்தாரின் நாள். இரண்டு நாளிலும் செத்தவன் ஒரே வகை வீட்டிலிருந்து வந்தவன்தான் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

கல்லை விடுங்கள், ஊர் எப்படி நினைவு வைத்திருக்கிறது? ஊருக்கு அவன் 'சொல்தா'. சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் புதுச்சேரித் தமிழில் இப்படித் தங்கிவிட்டது. சொல்தா என்றதும் சிரிப்பு வருகிறது. சாராயம், தொப்பி, சாயங்காலமானால் பெத்தாங்க் விளையாட்டு, மாசம் பொறந்தா பான்சியோன். சொல்தா வூட்டுப் பொண்ணைக் கட்டினால் பிரான்சு போகலாம் என்று கணக்குப் போடுகிற மாப்பிள்ளைகளைப் பற்றியும் ஆயிரம் நக்கல். இந்த நக்கலுக்குள்ளே இருப்பது வெறும் நகைச்சுவை என்று நான் நினைக்கவில்லை. குனிந்து நின்றவன் கையில் காசு வந்து, ஓட்டு வீடு போய் மாடி வீடு எழும்பியதைத் தாங்க முடியாத வயிறு அதற்குள் எரிகிறது. முதலியார் வீட்டுப் பிள்ளை பாரிசில் படித்தால் கௌரவம். சேரிப் பையன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைஞ்சு வருஷம் உழைத்துப் பென்ஷன் வாங்கினால் கேலிச்சித்திரம்.

நம்ம இலக்கியமும் இந்தப் பொதுப்புத்தியைத் தாண்டவில்லை. புதுச்சேரி என்றால் நாவலுக்குத் துபாஷிகளும் கவர்னர்களும்தான். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டும் ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தைத்தான் கட்டி எழுப்பின. அவை எழுதப்பட வேண்டியவை, எழுதப்பட்டன. ஆனால் சைகோனிலிருந்து கால் ஊனத்தோடு திரும்பியவனும், திரும்பாதவனின் பெண்டாட்டியும் மைய மனிதர்களாக வருகிற தமிழ் எழுத்து எத்தனை? குருசுக்குப்பத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஊரின் கீழ்ப்பக்கத்தைப் பேசும் நாவல் 2018இல் வந்தது. அரி கொத்தியே பிரெஞ்சில் எழுதிய 'திண்ணை' அது. நம்ம வீட்டுத் திண்ணைப் பேச்சைப் படிக்கப் பிரெஞ்சுக்குப் போக வேண்டியிருக்கிறது.

இனி, கல்லும் சொல்லாத, நக்கலும் சொல்லாத ஆட்கள்: பெண்கள். 1914–18க்குப் பிறகு போர் நிற்கவில்லை. 1940 செப்டம்பரில் கவர்னர் போன்வேன் டி கோல் பக்கம் சேர்ந்தார். இங்கிருந்தும் ஆட்கள் சுதந்திர பிரெஞ்சுப் படைக்குப் போனார்கள். பிறகு 1946 முதல் 1954 வரை இந்தோசீனா. 1954 முதல் 1962 வரை அல்ஜீரியா. இந்த வருஷங்கள் முழுக்கச் சேரி வீடுகளில் தபால்காரனைப் பார்த்தபடி பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வந்த கடுதாசியைப் படிக்க ஊருக்குள் யார் வீட்டு வாசலிலோ நிற்க வேண்டும். பிரெஞ்சில் வந்த சாவுச் செய்தி என்றால், அதைப் படித்துச் சொல்ல ஆள் கிடைக்கிற வரைக்கும் அவள் சுமங்கலி. பிணம் வரவில்லை. பிணமில்லாமல் எப்படி அழுவது, எந்த நாளைக் கருமாதி நாளாக வைப்பது என்ற கேள்விக்கு எந்தத் தூணும் பதில் வைத்திருக்கவில்லை.

அவளை ஊர் என்ன சொன்னது? 'கொடுத்து வெச்சவ.' மாசாமாசம் பணம் வருதாம். புருஷன் செத்த துக்கத்தையே ஊர் அதிர்ஷ்டமாக்கிவிட்டது. அந்தப் பணமும் துக்கத்தைப் பார்த்து வரவில்லை, பதிவேட்டைப் பார்த்து வந்தது. மேரியில் கல்யாணம் பதிவாகியிருந்தால் அவள் விதவை. தாலி மட்டும் இருந்தால் அவள் யாருமில்லை. அங்கே வியத்நாமில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று இருந்த வீடுகளில் தாளில் பேருள்ளவள் ஒருத்திதான். புதுச்சேரிக்குப் புருஷனோடு வந்து சேர்ந்த வியத்நாம் பெண்களையும் இங்கே சேர்த்தே நினைக்க வேண்டும். அவர்கள் சுட்ட 'நெம்'மை ஊர் ருசித்துச் சாப்பிட்டது, அவர்கள் விட்டு வந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு குடியுரிமை. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டு 16. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், இங்கே குடியிருப்பவன் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரன், எழுதாவிட்டால் இந்தியன். வெளிநாட்டில் பட்டாளத்தில் இருந்தவன் பிரெஞ்சுக்காரனாகவே தொடர்ந்தான். ஆக அண்ணன் ஒரு தேசம், ஒரே கூரையில் பிறந்த தம்பி வேறு தேசம். அரசாங்க அறிவிப்பைப் படிக்கத் தெரியாத தெருவில் ஆறு மாதம் என்பது என்ன கணக்கு? இதன் விளைவு பணத்திலும் தெரிந்தது. குடியேற்ற நாடுகளிலிருந்து வந்து பிரெஞ்சுக் குடியுரிமை இழந்த முன்னாள் சிப்பாய்களின் ஓய்வூதியத்தை 1959ஆம் வருஷச் சட்டத்தால் பிரான்சு உறையவைத்தது. கூடப் படுத்து, கூடச் சுட்டவன் பிரெஞ்சுக்காரனென்றால் அவனுக்கு ஏறிக்கொண்டே போனது, இவனுக்கு நின்ற இடத்தில் நின்றது. முழுச் சமன் 2011இல்தான் வந்தது. அதற்குள் வாங்க வேண்டிய எத்தனையோ கைகள் மண்ணுக்குள் போய்விட்டன. தோட்டா ஒரே விலைதான், உயிருக்குத்தான் ரெண்டு விலை.

இவ்வளவும் சொன்ன பிறகு நம்மைப் பற்றியும் பேச வேண்டும். இந்தோசீனாவில் நம்மாள் சுட்டது யாரை? தன் மண்ணைத் திருப்பிக் கேட்ட விவசாயியை. அல்ஜீரியாவிலும் அதுவே. ஒடுக்கப்பட்டவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து இன்னொரு ஒடுக்கப்பட்டவனைச் சுடச் சொல்வது ஏகாதிபத்தியத்தின் பழைய வித்தை. தேசியவாதி இதைக் காட்டி 'பார், உன் ஆள் வெள்ளைக்காரனின் கூலிப்படை' என்று சொல்வான். சேரியில் அவனுக்கு வேறு வழி வைக்காத ஊர் அதைச் சொல்லத் தகுதியில்லாதது. ஆனால் நாமே அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். நம்ம சாவை மட்டும் எண்ணி, நம்மாள் கையால் விழுந்த சாவை எண்ணாமல் விட்டால், நாமும் இன்னொரு பொய்த் தூணைத்தான் எழுப்புவோம்.

அம்பேத்கர் நமக்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். பீமா கோரேகாவ் தூண் 1818 ஜனவரி 1 சண்டைக்காக ஆங்கிலக் கம்பெனி தன் பெருமைக்கு எழுப்பியது. அதில் 22 மகார் பெயர்கள் இருந்தன. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய் நின்றபோது அந்தத் தூணின் அர்த்தம் மாறியது. கல் அதே கல். வாசித்தவர் வேறு. கம்பெனியின் வெற்றித் தூண், பேஷ்வா ஆட்சியின் தீண்டாமைக்கு எதிரான சாட்சியானது. மகார்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை ஆங்கிலேயன் நிறுத்தியபோது அதை எதிர்த்து மனுப் போட்ட தலைமுறை அவருடைய தகப்பனார் சுபேதார் ராம்ஜியின் தலைமுறை. எசமான் எழுதிய கல்லை எசமானுக்கும் எதிராக, ஊருக்கும் எதிராக வாசிக்க முடியும் என்பதற்கு அதுவே உதாரணம்.

புதுச்சேரியில் அந்த வாசிப்பு இன்னும் நடக்கவில்லை. 2014இல் இடிந்து விழுந்த மேரி கட்டடத்தை அதே அச்சில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். 'பாரம்பரியம்' என்று பேர். சுவரின் சுண்ணாம்பைக்கூட ஆராய்ந்து காப்பாற்றுகிறவர்களுக்கு, அந்தக் கட்டடத்தில் பேர் பதிந்துவிட்டுக் கப்பலேறிய ஆட்களின் குடும்பங்களைக் கேட்டு எழுதத் தோன்றவில்லை. பாரம்பரியம் என்பது வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர்கள், வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்து மனிதர்கள் அதில் சேர்த்தியில்லை.

எனவே நம்ம வேலை நம்மிடமே இருக்கிறது. டிரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்த பட்டாளத்துத் தாள்கள், மெடல்கள், சைகோன் ஸ்டூடியோவில் எடுத்த போட்டோக்கள் நம்ம வீடுகளில் கிடக்கின்றன. அவற்றைத் தெருத் தெருவாகப் பதிவு செய்ய வேண்டும். சிப்பாயின் பேரோடு நிறுத்தாமல் அவன் சேரியின் பேர், அவனுக்காகக் காத்திருந்தவளின் பேர், பதிவேட்டில் ஏறாதவளின் பேர் எல்லாவற்றையும் எழுத வேண்டும். கிழவிகள் சொல்வதை அவர்கள் சொல்கிற பாஷையிலேயே எழுத வேண்டும். அடுத்த நவம்பர் 11 அன்று தூதரகத்து மலர்வளையம் வைத்துப் போன பிறகு, நாம் போய் அந்தப் பட்டியலைச் சத்தமாகப் படிப்போம். 1936இல் சுடப்பட்ட 12 பேரையும் அதில் சேர்த்துக்கொள்வோம். தமிழில் படிப்போம், ஊர் காதில் விழட்டும்.