மார்கழித் திண்ணை

மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரில் மார்கழி விடியல் அவருடைய திருவெம்பாவையோடு தொடங்கும். அதன் 20 பாடல்களும் ஒலித்து முடிவதற்குள் வாசல் தெளித்துக் கோலமும் போட்டாகிவிடும். நடை பழகும் குழந்தை அதற்குள் புகுந்து, கோலமாவை அள்ளிக் கன்னத்தில் பூசிக்கொள்ளும். அழிந்த இழையைச் சலிக்காமல் மீண்டும் இழுக்கும் விரல்களில் பொறுமையின் அழகு தெரியும். சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூவின் ஈரத்தைக் குழந்தை தொட்டுத் தொட்டுப் பார்க்கும்.

திண்ணையில் வெயில் ஏறியதும் எண்ணெய்க் குளியல். வெதுவெதுப்பான நல்லெண்ணெயை உச்சியில் வைத்து, முதுகையும் முழங்காலையும் நிதானமாக நீவி, சூடு பார்த்து வெந்நீர் ஊற்றுவது பாட்டிமாரின் கைப்பக்குவம். துவட்டிய தலைக்குச் சாம்பிராணிப் புகை. வயிற்றுக்குக் கேழ்வரகுக் கூழ். தெம்பு வந்த கால்கள் நடைவண்டியைக் கடகடவென்று தாழ்வாரம் முழுக்கத் தள்ளும். தைப்பனி ஓயும்வரை இந்த ஒழுங்கு மாறுவதில்லை.