பல்லவி யாருடையது?

நம் வழிபாட்டு இசையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வருகைப் பாடலையும் திருவிருந்துப் பாடலையும் பற்றியே எழுதுகின்றனர். திரையிசை மெட்டுகள் பீடம் வரை வந்துவிட்டன என்பதும், கீபோர்டின் ஓசையில் பாட்டின் சொற்கள் மூழ்கிப் போகின்றன என்பதும் பலமுறை சொல்லப்பட்ட குறைகள். அவற்றில் உண்மை உண்டு. ஆனால் முதல் வாசகத்திற்கும் இரண்டாம் வாசகத்திற்கும் இடையே வரும் பதிலுரைப் பாடலைப் பற்றிப் பேசுவார் அரியர். திருப்பலியில் ஒரே வேளையில் வாசகமாகவும் பாடலாகவும், அதிலும் மக்களின் பங்கு இல்லாமல் முழுமை பெறாத பாடலாகவும் அமைந்திருப்பது அது. ஒரு பங்கின் இசை வாழ்வு நலமாக உள்ளதா, நலிந்துள்ளதா என்று அறிய அந்தச் சில நிமிடங்களைக் கேட்டாலே போதும் என்பது, நெடுநாள் இசை கற்பித்து வருபவன் என்ற முறையில் என் துணிபு.

மூன்று வழக்கங்கள்

அந்த நிமிடங்களில் நம் ஆலயங்களில் நடப்பதை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் திருப்பாடலே இராது. அதன் இடத்தில் ‘தியானப் பாடல்’ என்ற பெயரில், எல்லாரும் அறிந்த பக்திப் பாடல் ஒன்று பாடப்படும். இரண்டாம் வகையில் வாசகர் திருப்பாடலைப் படிப்பார். மக்கள் பல்லவியைச் சொல்வார்கள். முதல் முறை சரியாக வரும். இரண்டாம் முறை பாதிச் சொற்கள் மறந்துபோகும். மூன்றாம் முறை முணுமுணுப்பு மட்டும் எஞ்சும். மூன்றாம் வகையில் பாடகர் குழு புதிய மெட்டு அமைத்து, இடையிசையுடன் பல்லவியையும் சரணங்களையும் தானே பாடி முடித்துவிடும். கேட்க இனிமையாக இருக்கும். மக்கள் ஒரு கச்சேரியைக் கேட்பவர்போல் அமர்ந்திருப்பார்கள்.

இம்மூன்றிலும் குறையுடையது முதல் வகையே என்பதில் ஐயமில்லை. இறைவார்த்தையாகிய வாசகங்களையும் பதிலுரைப் பாடலையும் விவிலியம் அல்லாத வேறு பாடங்களால் ஈடு செய்யலாகாது என்று உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் தெளிவாகக் கூறுகின்றன. ஆயினும் மூன்றாம் வகையையும் எளிதாகக் கடந்துவிட முடியாது. அங்கே திருப்பாடல் இருக்கிறது, பதிலுரை இல்லை. மக்களுக்கு உரிய ஒரே வரியையும் குழுவே எடுத்துக்கொண்டது. உழைப்பு மிகுந்த, நல்லெண்ணம் மிகுந்த குழுக்களே இதைச் செய்கின்றன என்பதுதான் வருத்தம். படிப்புக்கும் வேலைக்கும் இடையே மாலை நேரங்களை ஒதுக்கி, ஊதியம் எதுவுமின்றிப் பயிற்சி செய்யும் இளைஞரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்களுக்கு நாம் எதைச் சொல்லிக் கொடுத்தோம் என்பதே கேள்வி.

முன்னோர் கண்ட வழி

மக்கள் திருப்பாடலுக்கு ஒரு வரியால் பதிலளிக்கும் வழக்கம் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. நான்காம் நூற்றாண்டிலேயே அது வேரூன்றியிருந்தது. புனித கிறிசோஸ்தோம் தம் திருப்பாடல் விளக்கவுரை ஒன்றில் அதற்கான காரணத்தையும் தருகிறார்: முழுத் திருப்பாடலையும் மக்கள் அறியமாட்டார்கள், ஆகவே அதிலிருந்து ஓசை நயமும் உயர்ந்த கருத்தும் கொண்ட ஒரு வரியை அவர்கள் பாடும்படி தந்தையர் ஏற்பாடு செய்தனர் என்கிறார். மக்களின் இயலாமையை அறிந்து, அதற்கேற்ற வாயிலைத் திறந்துவிட்ட பெருந்தன்மை அது.

புனித அகுஸ்தீனார் காட்டும் மிலான் நகர்க் காட்சியும் நினைக்கத்தக்கது. 386-ஆம் ஆண்டில், அரச குடும்பத்தின் நெருக்குதலுக்கு அஞ்சாமல் மக்கள் தம் ஆயர் அம்புரோசியாரோடு ஆலயத்திலேயே விழித்துக் காத்திருந்தனர். துயரத்தால் அவர்கள் சோர்ந்து போகாதிருக்கவே, கீழைத் திருச்சபையின் முறைப்படி பாக்களும் திருப்பாடல்களும் பாடும் வழக்கம் அங்கே தொடங்கிற்று என்று தம் ஒப்புகை நூலில் எழுதுகிறார். பாட்டு அங்கே வழிபாட்டுக்கு அணியாக வரவில்லை. நெருக்கடியில் நின்ற மக்களுக்கு ஊன்றுகோலாக வந்தது.

பின்னாளில் ஆயராகிய அகுஸ்தீனார் ஒருமுறை சிறிய திருப்பாடல் ஒன்றைக் குறித்து மறையுரை ஆயத்தம் செய்திருந்தார். வாசகர் தடுமாறி வேறொரு நீண்ட திருப்பாடலைப் பாடிவிட்டார். அகுஸ்தீனார் கடிந்துகொள்ளவில்லை. வாசகரின் தவற்றில் இறைவனின் விருப்பத்தைக் கண்டு, பாடப்பட்ட திருப்பாடலுக்கே விளக்கம் சொன்னார். மறையுரைக்கு உரிய பொருளாகவே திருப்பாடல் அந்நாளில் மதிக்கப்பட்டது. இன்று பதிலுரைப் பாடலை எடுத்து மறையுரை ஆற்றக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

இடைக்காலத்தில் இந்தப் பாடல் தேர்ந்த பாடகருக்கே உரிய நுட்பமான இசையாக வளர்ந்தது. இசை என்ற அளவில் அது பெருஞ்செல்வம். ஆனால் அது வளர வளர மக்களின் வரி தேய்ந்து மறைந்தது. 1963-இல் வெளிவந்த திருவழிபாடு பற்றிய சங்க ஏடு மக்களின் முழுமையான, செயல்முறைப் பங்கேற்பை வலியுறுத்தியது. 1969-இல் வகுக்கப்பட்ட வாசக அமைப்பு மூன்று ஆண்டுச் சுழற்சியில் ஞாயிறுதோறும் ஒரு திருப்பாடலையும் அதற்குரிய பல்லவியையும் நமக்கு மீட்டுத் தந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் திரும்பக் கிடைத்த வரி அது. அதை மீண்டும் குழுவிடமே ஒப்படைத்துவிட்டு நாம் வாளாவிருக்கிறோம்.

ஒரு பல்லவிக்குரிய இலக்கணம்

‘பல்லவி’ என்ற பெயரே நம் இசை மரபிலிருந்து வந்தது. மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை (1826–1889) இயற்றிய கீர்த்தனைகளை நாம் அறிவோம். கத்தோலிக்கரான அவருடைய பாடல்கள் சமய எல்லைகளைக் கடந்து கச்சேரி மேடைகளிலும் ஒலிக்கின்றன. கீர்த்தனையில் பல்லவி என்பது மீண்டும் மீண்டும் வந்து மனத்தில் ஊன்றும் பகுதி. அதற்குரிய பண்புகள் மக்கள் பாடும் பல்லவிக்கு இன்னும் மிகுதியாக வேண்டும். புதிய மெட்டு ஒன்றைக் கேட்கும்போது நான் பார்ப்பவை நான்கு.

முதலாவது மூச்சு. ஒரே மூச்சில் பாடி முடிக்க இயலாத பல்லவி மக்களுக்கு ஆகாது. இரண்டாவது சுருதி. பாடகர் குழுவில் இளம்பெண்கள் மிகுதியாக இருப்பதால் ஐந்து கட்டைக்கு மெட்டு அமைத்துவிடுகிறார்கள். ஆலயத்தின் ஒரு பாதியில் அமர்ந்திருக்கும் ஆண்களால் மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது, வாயை மூடிக்கொள்கிறார்கள். ஒரு கட்டை சுருதியில், மத்திய சட்ஜத்திற்கும் மேல் சட்ஜத்திற்கும் நடுவில் ஐந்தாறு சுரங்களுக்குள் அடங்கும் பல்லவியை முதியவரும் சிறுவரும் சேர்ந்து பாடுவர். மூன்றாவது எடுப்பு. தாளம் தொடங்கும் இடத்திலேயே சொல்லும் தொடங்க வேண்டும். அரை இடம் தள்ளி எடுக்கும் பல்லவி பயின்றவருக்கு அழகு, கூட்டத்திற்குத் தயக்கம். ஒருமுறை தயங்கிய கூட்டம் பிறகு பாடுவதே இல்லை.

நான்காவது தமிழ். இதுவே நம் மெட்டமைப்பாளர் அதிகம் மறப்பது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றிவிடும். நீண்ட சுரத்தின் கீழ்க் குறில் எழுத்தை வைத்தால் ‘விடு’ என்பது ‘வீடு’ ஆகும். ‘மலை’ என்பது ‘மாலை’ ஆகும். ‘கொடு’ என்பது ‘கோடு’ ஆகும். இறைவனிடம் ஒன்றைக் கேட்க எழுந்த வரி வேறொன்றைக் கேட்டுவிட்டு அமரும். முன்னரே இருந்த மெட்டுக்குள் விவிலியச் சொற்களைத் திணிப்பதால் வரும் கேடு இது. சொல்லை வாய்விட்டு மும்முறை படித்து, அது இயல்பாக எங்கே நீள்கிறது, எங்கே நிற்கிறது என்று கண்டபின் சுரம் தேடினால் இந்தப் பிழை நேராது.

சரணங்களுக்கு வேறு வழி வேண்டும். திருப்பாடல்களின் வரிகள் ஒரே அளவின அல்ல. ஒரு வரி ஐந்து சொல், அடுத்த வரி ஒன்பது சொல் என வரும். தாளத்தில் அடக்க முனைந்தால் சொல்லை வெட்டவோ ஒட்டவோ நேரும். கிரகோரியார் இசை மரபு இதற்கு எளிய வழி கண்டது. ஒரு சுரத்தில் நின்று சொற்களை ஓதிச் சென்று, வரியின் நடுவில் ஒரு சிறு வளைவும் முடிவில் ஒரு வளைவும் அமைத்தது. எபிரேயக் கவிதை ஒரே கருத்தை இரண்டு பாதிகளாக அடுக்கிச் சொல்வது. இந்த இசை அமைப்பு அதற்குப் பொருத்தமானது. பிரான்சு நாட்டு இயேசு சபைக் குரு யோசேப்பு கெலினோ (1920–2008) 1950-களில் மக்கள் பல்லவியோடு அமைத்த திருப்பாடல் இசை பல மொழிகளிலும் பரவியதற்கு, சொல்லின் இயற்கை நடையை அவர் மதித்ததே காரணம்.

நமக்கோ கடன் வாங்க வேண்டிய தேவையும் இல்லை. நம்மிடம் விருத்தம் இருக்கிறது. தாளக் கட்டு இன்றி, ஓர் இராகத்தின் நிழலில், சொல்லுக்குச் சொல் பொருள் விளங்கப் பாடும் முறை அது. ஒற்றைக் குரல் சரணத்தை விருத்தமாகப் பாட, தாளத்தோடு கூடிய பல்லவியால் ஆலயம் முழுவதும் பதில் சொல்வதைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் சொல்ல, பலர் வாங்கிப் பாடுவது நம் மக்களுக்குப் புதிதா? நடவுப் பாட்டிலும் கும்மியிலும் அவர்கள் செய்தது அதுவே. தேவமாதா மன்றாட்டு மாலையில் ஏடு எதுவுமின்றி அவர்கள் செய்வதும் அதுவே.

புலம்பலுக்கு இடம் உண்டா?

இவ்வளவும் இசை நுட்பம் பற்றிய வாதம் மட்டுமே என்றால் இத்தனை பக்கம் எழுதத் தேவையில்லை. திருப்பாடலை இழப்பதால் நாம் இழப்பது வேறொன்று. 150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். இறைவன் மறந்துவிட்டாரோ என்ற கேள்வி அவற்றில் உண்டு. எத்தனை நாள் என்ற முறையீடு உண்டு. சிலுவையில் நம் ஆண்டவர் எழுப்பிய குரல் 22-ஆம் திருப்பாடலின் தொடக்கம். 88-ஆம் திருப்பாடலோ இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரியும் இறுதியில் இல்லை. அதையும் திருச்சபை செபமாகவே காத்து வந்துள்ளது. நம் பாடல் ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். நன்றியும் மகிழ்ச்சியும் அன்பும் நிரம்பியிருக்கும். இறைவனிடம் வழக்காடும் பாடல்கள் மிகச் சிலவே.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு. அன்று திருக்குடும்ப விழா. அவ்விழாவிற்கு வாசக நூல் தரும் திருப்பாடல் 128. இல்லத்தில் மனைவியையும் உணவு மேசையைச் சுற்றிப் பிள்ளைகளையும் காண்பவனின் பேற்றைச் சொல்வது. அன்று காலையில்தான் கடல் நம் கரைகளில் ஏறியது. வேளாங்கண்ணிக்கு வந்த திருப்பயணிகளும் எண்ணற்ற கடலோரக் குடும்பங்களும் மடிந்தனர். பிள்ளைகளை இழந்த தாய், அதன்பின் ஒரு ஞாயிறு ஆலயத்திற்கு வந்து அமரும்போது, அவள் வாய்க்கு நாம் எந்த வரியைக் கொடுக்கிறோம்? அவளுக்காகவே சொல்லப்பட்டதுபோன்ற திருப்பாடல்கள் விவிலியத்தில் இருக்கின்றன. ஆழத்திலிருந்து எழும் 130-ஆம் பாடல் இருக்கிறது. வழக்கமான தியானப் பாடல் ஒன்றைப் பாடிக் கடந்துபோகும் வழக்கம் அவளிடமிருந்து அவற்றை மறைத்துவிடுகிறது. இழப்பு இசைக்கு மட்டும் உரியதன்று என்று சொன்னது இதனால்தான்.

செய்யக் கூடியது

வாரந்தோறும் புதிய பல்லவி கற்பது சிறு பங்குகளுக்கு இயலாது என்பர். உண்மையே. வாசக நூலே அதற்கும் வழி வைத்திருக்கிறது. திருவழிபாட்டுக் காலங்களுக்கெனப் பொதுவான பல்லவிகளையும் திருப்பாடல்களையும் அது தருகிறது. அன்றைய பாடலுக்கு ஈடாக அவற்றைப் பாடலாம். திருவருகைக் காலத்திற்கு ஒன்று, தவக்காலத்திற்கு இரண்டு, பாஸ்கா காலத்திற்கு ஒன்று, பொதுக் காலத்திற்கு நான்கைந்து என ஆண்டுக்கு எட்டுப் பத்துப் பல்லவிகள் போதும். திருப்பலி தொடங்குமுன் ஐந்து நிமிடம் ஒருவர் முன்னின்று கருவி எதுவுமின்றிச் சொல்லிக் கொடுக்கலாம். பல்லவி வரும்போது குழுவினர் ஒலிவாங்கியை விட்டுச் சற்று விலகி நிற்கலாம். மக்களின் குரல் மக்களுக்கே கேட்க வேண்டும். தம் குரல் தமக்குக் கேளாத கூட்டம் பாடாது. முதல் சில வாரங்கள் குரல் தடுமாறும், சுருதி இறங்கும். அதைப் பொறுத்துக்கொள்ளும் மனம் பங்குத்தந்தைக்கும் குழுவுக்கும் வேண்டும்.

நோயுற்ற முதியோரிடம் நற்கருணை கொண்டு செல்வோர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. பெயரும் முகமும் மறந்த பின்னும் பாடிப் பழகிய வரி நாவில் நிற்கும். இளமையில் பாடாத வரி அந்நேரத்தில் வராது. இன்று நம் ஆலயங்களில் அமர்ந்திருக்கும் சிறுவர்கள் அந்த வயதை அடையும்போது எந்தத் திருப்பாடல் வரி அவர்கள் நாவில் இருக்கும் என்பது, வரும் ஞாயிறு பல்லவியை யார் பாடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.