தொட்டுப் படி என்கிறார்கள்

தொட்டுப் பார்த்துப் படிக்க வேண்டும், செய்து பார்த்துப் படிக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். கல்வியாளர் பேசுகிறார். கம்ப்யூட்டர் விற்கிறவர் பேசுகிறார். அரசாங்கம் ஆணையே போடுகிறது. மனப்பாடம் கெட்டது, செயல் நல்லது. சரி, இருக்கட்டும். ஆனால் இந்தப் பேச்சில் ஒரு கேள்வி மட்டும் வருவதே இல்லை. எதைத் தொடலாம், யார் தொடலாம், தொட்டால் என்ன நடக்கும் என்பதைச் சாதி முடிவு செய்கிற நாட்டில் 'தொட்டுப் படி' என்பதற்கு என்ன அர்த்தம்?

அம்பேத்கர் சாத்தாராவில் படித்தபோது பள்ளித் தண்ணீர்க் குழாயைத் தொட முடியாது. ப்யூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர். உட்கார வீட்டிலிருந்து கோணிச் சாக்கு கொண்டுபோக வேண்டும். பின்னால் பம்பாயில் படித்தபோது கணக்குப் போட ஒருநாள் கரும்பலகைக்குக் கூப்பிட்டதும், பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுத் தூக்குகளை எடுக்க மற்றப் பிள்ளைகள் ஓடினார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. பலகை, சாக்பீஸ், குழாய் எல்லாமே பள்ளிக்கூடத்தின் கருவிகள்தான். கல்வித் தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை.

நம்ம புள்ளைங்க கைக்குப் பள்ளிக்கூடத்தில் வேலையே இல்லாமல் இருந்ததில்லை. பெருக்க, தண்ணீர் தூக்க, வாத்தியார் வண்டியைத் துடைக்க என்று வேலை இருந்தது. 2022ல் ஈரோடு மாவட்டத்தில் தாழ்த்தப்பட்ட மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்த வழக்கில் ஒரு தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். வகுப்பில் இத்தனை பிள்ளைகள் இருக்க அந்தக் கைகளை மட்டும் பொறுக்கி எடுக்க ஒரு பாடத்திட்டம் வேண்டியிருந்ததா? ஊர் சொல்லிக்கொடுத்த பாடத்திட்டம் போதுமானதாக இருந்தது. இதுவும் ஒருவகைச் செயல்வழிக் கல்விதான். கழுவுகிற பிள்ளையும் கற்றுக்கொள்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளையும் கற்றுக்கொள்கிறது.

கைத்தொழிலும் கல்வியும் ஒன்றுசேர வேண்டும் என்ற பேச்சு நமக்குப் புதிதில்லை. 1937ல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் நூற்கவேண்டும், அந்த வருமானத்தில் பள்ளிக்கூடமே நடக்கவேண்டும் என்றார்கள். 1953ல் ராஜாஜி கிராமத்து ஆரம்பப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளச் சொன்னார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அடித்தார். 1954ல் ராஜாஜி போனார், காமராசர் அந்தத் திட்டத்தை எடுத்தார். 2020ன் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் பையில்லாமல் அனுப்பி, உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞரிடம் பயிற்சி பெறச் சொல்கிறது. என்னென்ன கைத்தொழில் கற்பது என்பதை மாநிலமும் உள்ளூர்ச் சமூகமும் முடிவு செய்யுமாம்.

உள்ளூர்ச் சமூகம் என்றால் யார்? ஊரா, சேரியா? கொள்கையை எழுதியவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். நமக்குத்தான் நடுவில் தெரு இருக்கிறது. குயவரிடம் போகிற அதிகாரி மகனுக்கு அது பத்துநாள் விளையாட்டு. ஒரு அகல்விளக்கைச் செய்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். குயவர் மகனுக்கு அது வீட்டுக்குத் திரும்பிப் போவது. பட்டியலில் செருப்புத் தைப்பவர் பெயர் இல்லை, பறையடிப்பவர் பெயர் இல்லை, சாக்கடை அள்ளுகிறவர் பெயர் இல்லை. அவர்களும் உள்ளூரில் கைவேலை செய்கிறவர்கள்தானே. ஏன் இல்லை என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் முற்போக்குக் கல்வியாளர்களோடும் நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது. 'எம்புள்ள கையில மண்ணு படாம பொழைக்கட்டும்' என்று நம் பெற்றோர் சொல்வதை அவர்கள் மனப்பாட மோகம், வெள்ளைச்சட்டை ஆசை என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கையை மட்டுமே விட்டுவைத்து, எழுத்தைப் பிடுங்கிக்கொண்ட சமூகத்தில் அந்தத் தாய் எழுத்தைக் கேட்கிறாள். அது மோகமில்லை, உரிமை. அவளிடம் போய் உழைப்பின் மகத்துவத்தைப் பாடம் நடத்த யாருக்கு யோக்கியதை இருக்கிறது?

அப்படியானால் செயல்வழிக் கல்வியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ல் தொடங்கி 2007ல் தமிழ்நாடு முழுக்கப் போன செயல்வழிக் கற்றலை எடுத்துக்கொள்வோம். ஆந்திராவின் ரிஷிவேலி முறையைப் பார்த்து உருவாக்கினார்கள். பாடப்புத்தகத்துக்குப் பதில் அட்டைகள், ஏணிப்படி. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பாகம். தலைக்கு மேலே கம்பிப்பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள். பலகை அருகில் போவதற்கே கலவரம் நடந்த நாட்டில் சேரிப்பிள்ளைக்குச் சுவரில் ஒரு பாகம் கிடைத்தது சாதாரணக் காரியமில்லை. எல்லோரும் தொட்ட அட்டையை எல்லோரும் தொட்டார்கள்.

பிறகு ஏன் நீர்த்துப்போனது? எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை என்று பெற்றோர் சொன்னது உண்டு. இரண்டு ஆசிரியர் நாலு வகுப்பைப் பார்க்கிற பள்ளியில் வட்டம் வட்டமாகப் பிள்ளைகளைக் கவனிக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் பெரிய காரணத்தை யாரும் பேசவில்லை. வட்டம் போட்டு உட்கார வைத்த நேரத்தில் ஊர்க்காரர் பிள்ளைகள் வேனில் ஏறி மெட்ரிக் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பல கிராமங்களில் அரசுப் பள்ளி சேரிப் பள்ளியாக ஆகிவிட்டது. சேர்ந்து உட்கார வேண்டியவன் அங்கே இல்லை. திட்டத்தை அளந்தவர்கள் வாசிப்பை, கணக்கை அளந்தார்கள். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பது அவர்களுடைய படிவத்தில் ஒரு கட்டமாக இல்லை.

மத்தியப் பிரதேசத்தில் நடந்ததும் நமக்குப் பாடம். ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972ல் 16 பள்ளிகளில் ஒரு அறிவியல் திட்டம் தொடங்கியது. தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப் மாதிரியான மலிவான பொருட்களைக் கொண்டே சோதனை செய்ய முடியும் என்று காட்டிய இயக்கம் அது. பின்னால் அதை நடத்திய அமைப்பு ஏகலவ்யா என்று பெயர் வைத்துக்கொண்டது. அந்தத் திட்டத்தில் தேர்வையே மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் பள்ளி வரை வளர்ந்ததை 2002ல் மாநில அரசு நிறுத்தியது. ஏகலவ்யன் பெயரை வைக்கிறவர்கள் அவன் கட்டைவிரலையும் நினைக்க வேண்டும். வில்லை எடுக்காதே என்று துரோணன் சொல்லவில்லை. கற்றுக்கொண்ட பிறகு கையைக் கேட்டான். இன்றைக்கும் அதுதான் நடக்கிறது. ஆரம்பப் பள்ளியில் செய்து படி என்பார்கள். வாசலில் 2017லிருந்து நீட் நிற்கிறது, அங்கே கோச்சிங் காசுதான் பேசும். 2020ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதம் உள் ஒதுக்கீடு கொடுக்க வேண்டி வந்ததே அந்த வாசல் யாரை மறித்தது என்பதற்குச் சாட்சி.

கருவிகளுக்கு வருவோம். 2011ல் தொடங்கி அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தார்கள். ஓட்டுக்காகக் கொடுத்தது, படம் பார்க்கத்தான் ஆகிறது, அடகுக்கடைக்குப் போகிறது என்று நடுத்தர வர்க்கம் சிரித்தது. அந்தப் பெட்டி சேரிக்குள் வந்தது, வீட்டுக்குள் இருந்தது, யாரிடமும் கேட்காமல் தொட முடிந்தது. ஸ்மார்ட் வகுப்புத் திரைக்கு அந்தக் குணம் கிடையாது. அது சுவரில் தொங்கும், அறை பூட்டியிருக்கும், சாவி ஒருவர் இடுப்பில் இருக்கும், பிள்ளை கைகட்டிப் பார்க்கும். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது போன் வாங்கமுடிந்த வீட்டில் வகுப்பு நடந்தது, முடியாத வீட்டில் பிள்ளை கூலிக்குப் போனது. ஆகவே ஒரு கருவி எவ்வளவு நவீனம் என்பது நமக்கு இரண்டாவது கேள்வி. சாவி யாரிடம் என்பதே முதல் கேள்வி.

கை என்று பேசும்போது கையில் கட்டியிருக்கிற கயிற்றைப் பேசாமல் இருக்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப்படித்த மாணவர்களே ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024ல் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. கயிறு கட்டிய கையோடுதான் அந்தப் பிள்ளைகள் செய்முறைத் தேர்வும் எழுதினார்கள். சோதனைக்குழாயைப் பிடிக்கப் பழக்கிய பள்ளிக்கு அந்தக் கயிறு கண்ணில் படவில்லை.

புலே 1882ல் ஹண்டர் குழுவிடம் கொடுத்த மனுவில் ஆரம்பப் பள்ளியில் விவசாய அறிவையும் சேர்க்கச் சொன்னார். கூடவே, ஏர்க்கைப்பிடியையோ தச்சன் வாய்ச்சியையோ பிடிக்க வெட்கப்படாத, அடித்தட்டு மக்களோடு கலந்து பழகக்கூடிய ஆசிரியர்கள் வேண்டும் என்றார். முதலில் வாத்தியார் கை மாறட்டும் என்கிறார். நூற்று நாற்பது வருஷம் கழித்தும் நம் கொள்கை அறிக்கைகள் பிள்ளையின் கையை மட்டும்தான் பார்க்கின்றன.

காஞ்சா அய்லய்யா 2007ல் பிள்ளைகளுக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். தோல் பதனிடுகிறவர், குயவர், வண்ணார், நாவிதர் செய்யும் வேலைகளில் இருக்கும் அறிவை அறிவு என்றே அதில் சொன்னார். நம் வகுப்பறை அந்த வழியில் போகலாம். சுண்ணாம்பு மயிரை நீக்குவதும் ஆவாரம்பட்டைச் சாறு தோலை அழுகாமல் காப்பதும் வேதியியல். பறையைத் தீயில் காய்ச்சினால் தோல் இறுகிச் சுருதி ஏறுவது இயற்பியல். ஒலிப் பாடத்துக்கு இசைக்கவையை மட்டுமே காட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. பறையைக் காய்ச்சுகிற வேலையை நம் பிள்ளைக்கும், குறிப்பெடுக்கிற வேலையை மற்றப் பிள்ளைக்கும் பிரித்துக் கொடுத்தால் அது பழைய குலக்கல்வியே. எல்லார் பிள்ளையும் தோலைத் தொடட்டும். நம் பிள்ளை மைக்ராஸ்கோப்பைத் தொடட்டும்.

நாம் கேட்க வேண்டியவை இவை. எந்தப் பள்ளியிலும் எந்தப் பிள்ளையும் கழிப்பறை கழுவக்கூடாது; அதற்குச் சம்பளத்தோடு ஆள் போடு, அந்த வேலையையும் ஒரே சாதியின் தலையில் கட்டாதே. ஆய்வகத்துக்கும் கம்ப்யூட்டர் அறைக்கும் பிள்ளைகள் பெயரில் நேரம் ஒதுக்கி, சுவரில் எழுதி ஒட்டு. கருவியை வீட்டுக்குக் கொடு. செய்து படித்ததைத் தேர்விலும் மேற்படிப்பு வாசலிலும் மதிப்பிடு. அடுத்த முறை ஒரு திட்டம் நம் ஊர்ப் பள்ளிக்கு வரும்போது, கிராமசபையில் எழுந்து இந்த நாலையும் கேட்போம். பதிலை எழுத்தில் வாங்குவோம்.