சந்திரமுகியும் நோயின் பெயரும்

பி. வாசு இயக்கி 2005-இல் வெளிவந்த ‘சந்திரமுகி’யைத் தொலைக்காட்சியில் எத்தனை முறை காட்டினாலும் நம் மக்கள் அமர்ந்து பார்க்கிறார்கள். பேய் என்று வீடே நடுங்கிய ஒன்றை நோய் என்று சொல்லத் துணிந்தமைக்காக இப்படத்தை நாம் பாராட்டவே வேண்டும். மனநல மருத்துவர் என்றொருவர் உண்டு என்பதைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தது ரஜினிகாந்தின் சரவணன்தான்.

ஆயினும் அந்தச் சரவணன் நோயை அறியும் விதம் நமக்கு உறுத்துகிறது. துப்பறிவாளரைப் போல் பின்தொடர்கிறார்; பழங்கதைகளைத் திரட்டுகிறார்; நோயின் பெயரைக் கணவன் செந்தில்நாதனிடம் சொல்கிறார். கங்காவை எதிரே அமர்த்தி, “உறக்கம் வருகிறதா, அம்மா?” என்று கேட்டு அறிவதில்லை. ஜோதிகாவின் கண்கள் நம்மை அச்சுறுத்துகின்றன. அந்தப் பெண் என்ன துன்பப்பட்டாள் என்பது நமக்குத் தெரியாமலே போகிறது. பிறகு ஓர் இரவில், ஒரு பொம்மையோடு எல்லாம் தீர்ந்துவிடுகிறது.

மருத்துவமனையில் நடப்பது இதுவன்று. உறக்கம், பசி, குடிப்பழக்கம், குடும்ப வரலாறு யாவும் பொறுமையாகக் கேட்கப்படும். தைராய்டு கோளாறும் மனச்சோர்வு போலத் தோன்றக்கூடுமாதலால் இரத்தமும் சோதிக்கப்படும். மனச்சோர்வு என்று முதலில் கணித்தது, மாதங்கள் கழித்து இருமுனைக் கோளாறு எனத் திருத்தப்படுவதும் உண்டு. அதைக் கண்டு “டாக்டருக்கே தெரியவில்லை” என்று மாத்திரையை நிறுத்திவிடும் குடும்பங்களை நாம் அறிவோம். ஓரிரவுக் குணத்தைத் திரையில் கண்டு பழகியவர்கள் வேறென்ன செய்வார்கள்?

படத்தில் மருத்துவரும் ஆச்சாரியாரும் ஒரே மேடையில் நிற்கிறார்கள். வையம்பட்டிப் பக்கம் அவர்கள் ஒருவர்பின் ஒருவராகவே வருகிறார்கள். முதலில் மந்திரித்த கயிறு. அடுத்துக் குணசீலத்தில் ஒரு மண்டலம். நம்மவராயின் புளியம்பட்டி அந்தோனியார். திருச்சி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு கடைசியில். இந்தத் தாமதத்தின் கோர முகத்தை ஏர்வாடியில் கண்டோம்: 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றித் தீயில் மாண்டனர், இறந்தோர் 28 பேர்.

திருச்சபையின் நெறியோ தெளிவானது. ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நிகழ்த்தலாகாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1172. மனநோய் மருத்துவத்தைச் சார்ந்தது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1673-ஆம் எண்ணில் பிரித்தே வைத்திருக்கிறது. இதை அறியாமல், தலைமேல் கைவைக்க வேண்டும் என்று பிள்ளையை அழைத்துவருகிறார்கள் பெற்றோர். கைவைத்துச் செபிக்கிறோம்; மருத்துவமனைச் சீட்டு எங்கே என்றும் கேட்கிறோம். போக அஞ்சுவோர் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022 முதல் அந்தச் சேவை இருக்கிறது.