மரக்கன்று எந்த மாதத்தில் நடப்படுகிறது: இலங்கை, இந்தியத் தொடக்க வகுப்புகளில் சூழல் செயற்றிட்டம்

தொடக்க வகுப்புப் பிள்ளைகள் சூழலுக்காக ஒன்றைச் செய்வதும், அதைத் தாமே திட்டமிட்டுச் செய்வதும் வெவ்வேறு கல்விகள். வளாகத்தைக் கூட்டுவதும் கன்று நடுவதும் பதாகை ஏந்தி ஊர்வலம் போவதும் இலங்கையிலும் இந்தியாவிலும் நெடுங்காலமாக நடந்துவருகின்றன. இவற்றில் உழைப்பு பிள்ளைகளுடையது, ஆனால் எதை, எங்கே, எப்போது, எவ்வளவு என்ற தீர்மானங்கள் ஆசிரியரிடமோ மேலிடத்துச் சுற்றறிக்கையிலோ இருந்துவிடுகின்றன. இலங்கையில் செயற்றிட்டம் என்றும் தமிழ்நாட்டில் செயல்திட்டம் என்றும் வழங்கும் கற்பித்தல் முறையை 1918இல் வெளியான கட்டுரையொன்றின் வழியே பரவலாக அறியச் செய்த அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக், நோக்கங்கொள்ளல், திட்டமிடல், நிறைவேற்றல், மதிப்பிடல் என்னும் நான்கு படிகளையும் மாணவரே கடக்க வேண்டும் என்றார். இரு நாட்டுத் தொடக்க வகுப்புகளிலும் மூன்றாம் படி மட்டுமே பெரும்பாலும் பிள்ளைகளுக்கு விடப்படுகிறது.

இது புதிய குறையன்று. 1930களில் கண்டிப் பகுதியின் ஹந்தெஸ்ஸவில் தோன்றி, கல்வி அமைச்சர் கன்னங்கராவின் ஆதரவோடு வளர்ந்த கிராமியக் கல்வித் திட்டம் ஊரின் பயிரையும் சுகாதாரத்தையும் தொழிலையும் பாடமாக்க முயன்றது; 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. மண்வெட்டியும் தக்களியும் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட இரண்டாந்தரப் படிப்பு என்று பெற்றோர் ஐயுற்றதாலும், உத்தியோகத்துக்கு வழிவிட்ட பரீட்சைகள் வேறு திசையில் நின்றதாலும் இரண்டுமே நிலைக்கவில்லை.

பாட ஏற்பாட்டைப் பொறுத்தவரை இலங்கை முந்தி நிற்கிறது. 1997இன் பொதுக்கல்விச் சீர்திருத்தத்தை அடுத்து, 1998இல் கம்பஹா மாவட்டத்தில் முன்னோடியாகவும் 1999 முதல் நாடளாவியும் அறிமுகமான ஆரம்பக் கல்விக் கலைத்திட்டம், தாய்மொழி, கணிதம், சமயம் ஆகியவற்றோடு சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்பதை முதலாந் தரத்திலிருந்தே தனிப் பாடமாக நிறுத்தியது. பெயரிலேயே செயற்பாடு இருப்பதால், பிள்ளை வெளியே போய்ப் பார்ப்பதற்கும் சேகரிப்பதற்கும் வகைபிரிப்பதற்கும் நேரம் கேட்டு ஆசிரியர் யாரிடமும் மன்றாட வேண்டியதில்லை. ஆனால் ஐந்தாந் தரத்தை நெருங்கும்போது புலமைப்பரிசில் பரீட்சை குறுக்கிடுகிறது. இப்பாடத்தின் உள்ளடக்கமும் அப்பரீட்சையில் வினாவாக வருவதால், நான்காந் தரத்திலேயே பயிற்சி வினாத்தாள்கள் வீட்டுக்குள் நுழைகின்றன. கிணற்றைப் பார்த்து எழுந்த கேள்வி, கிணற்று நீர் பற்றிய பலவுள் தெரிவு வினாவாகச் சுருங்குகிறது. திட்டமிடக் கற்பதற்கு மிகப் பொருத்தமான ஒன்பது, பத்து வயது இவ்வாறு பறிபோவது இலங்கைக் கல்வியின் பெரும் இழப்புகளில் ஒன்று.

இந்தியாவில் சூழற்கல்விக்கு உந்துதல் நீதிமன்றத்திலிருந்தும் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் எல்லா நிலைகளிலும் சூழல் பற்றிக் கற்பிக்கப்பட வேண்டும் என ஆணையிட்டது. 2005இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி எழுந்த ‘ஆஸ் பாஸ்’ பாடநூல் வரிசை மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை அறிவியலையும் சமூக அறிவியலையும் ஒன்றாக்கி, பிள்ளையிடம் தகவலைக் கொட்டாமல் கேள்வியை வைத்தது. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏணிப்படியில் ஏறும்படி செய்தது. ஆசிரியரின் பிரம்பிலிருந்து வகுப்பறையை விடுவித்த பெருமை அதற்கு உண்டு. எனினும் குழந்தை தேர்ந்துகொண்டது வேகத்தைத்தான், கேள்வியையன்று. அடுத்த அட்டையில் என்ன இருக்கும் என்பது முன்பே அச்சிடப்பட்டிருந்தது.

தமிழ்நாட்டில் 2012-13இல் வந்த முழுமையான தொடர் மதிப்பீட்டு முறை, பருவந்தோறும் 100 மதிப்பெண்ணில் 40ஐ வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவத்தின் ஊடே செயல்பாடுகளையும் சிறு தேர்வுகளையும் கொண்டு செய்யும் மதிப்பீட்டுக்கு ஒதுக்கியது. நோக்கம் நல்லது; ஆனால் நடைமுறையில், செயல்திட்டம் என்றால் எழுதுபொருள் கடையில் ஒட்டும் படங்கள் வாங்கி, சார்ட்டு அட்டையில் அம்மா ஒட்டி, அப்பா தலைப்பெழுதிக் கொடுப்பது என்ற வழக்கம் வேரூன்றியது. ஒரே கடையின் ஒரே நீர்ச்சுழற்சிப் படம் வகுப்பிலுள்ள பாதி அட்டைகளில் இருக்கும். ஆயினும், ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்ற அறிவிப்பைத் தமிழக அரசு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றதால், அந்த வயதில் திட்டமிடலைக் கற்பிப்பதற்கான இடம் அங்கு இன்னும் திறந்தேயிருக்கிறது.

திட்டமிடல் இல்லாத செயலின் விளைவைக் கண்கூடாகக் காட்டுவது மரக்கன்று. உலகச் சூழல் நாளான ஜூன் 5, தமிழ்நாட்டில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் காலத்தை ஒட்டி வருகிறது. விழா எடுத்துக் கன்று நடப்படுகிறது. ஆனால் கிழக்குக் கரையோர மாவட்டங்களுக்குத் தென்மேற்குப் பருவமழை தரும் நீர் சொற்பம், வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில்தான் வரும், இடைப்பட்ட நான்கைந்து மாதங்களுக்கு வாளித் தண்ணீரை யார் சுமப்பது என்று யாரும் கணக்கிடுவதில்லை. இலங்கையின் தென்மேற்கில் ஜூன் மழைக்காலம், எனவே கொழும்பில் அந்த நாள் பொருந்துகிறது. யாழ்ப்பாணத்திலோ அது வறண்ட காற்றின் காலம். இதை உணர்ந்தே வட மாகாண சபை நவம்பரை மரநடுகை மாதமாக அறிவித்தது. அதிலும் ஓர் இடர் உண்டு: வழமையான பாடசாலை நாட்காட்டியில் டிசம்பர் விடுமுறை, ஜனவரியில் பிள்ளைகள் அடுத்த தரத்துக்குப் போய்விடுவார்கள், கன்றுக்குப் பொறுப்பாளர் மாறிவிடுவார். மழை எப்போது, விடுமுறை எப்போது, ஆடு எங்கே மேய்கிறது, கிணறு எவ்வளவு தொலைவு என்ற நான்கு கேள்விகளை எட்டு வயதுப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே விட்டுவிட்டால், நடும் நாளை அவர்களே சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

கழிவைப் பற்றிய செயற்றிட்டமும் இவ்வாறே இடத்துக்கு இடம் வேறுபட வேண்டும். மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்த 2017ஆம் ஆண்டின் செப்டெம்பரில் இலங்கை, உணவு பொதியும் பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட்டைத் தடைசெய்தது. இடைவேளை உணவை எதில் சுற்றிக் கொண்டுவருவது என்பது அங்குள்ள பிள்ளைகளுக்கு உண்மையான கேள்வி. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ சத்துணவு தட்டில் பரிமாறப்படுகிறது. கேள்வி தட்டு கழுவும் நீரைப் பற்றியது. நாளைக்கு எத்தனை வாளி, அதில் எண்ணெய்ப்பசை எவ்வளவு, கீரைப் பாத்திக்கு ஆகுமா, வாழைக்கு மட்டுமா என்று ஒரு வாரம் அளந்து பார்த்தபின் கால்வாய் வெட்டுவது திட்டம்; முதல் நாளே கால்வாய் வெட்டுவது வெறும் வேலை.

பாடவேளைக்கு வெளியே இரு நாடுகளும் அமைத்த அமைப்புகளில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. இலங்கையின் மத்திய சுற்றாடல் அதிகாரசபை நடத்தும் சுற்றாடல் முன்னோடித் திட்டம், குறித்த பணிகளை முடிக்கும் மாணவரைப் படிப்படியாக உயர்த்தி ஜனாதிபதிப் பதக்கம்வரை கொண்டுசெல்கிறது. ஒழுங்கும் தொடர்ச்சியும் அதன் பலம். பணிப் பட்டியல் மேலிருந்து வருவது அதன் எல்லை. இந்தியாவின் தேசிய பசுமைப் படையும் பெரும்பாலும் அத்தகையதே. 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு மாறானது: 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, பொதுக் கருப்பொருளுக்குள் தம் ஊரின் சிக்கலொன்றைத் தாமே தெரிவுசெய்து, தம் மொழியிலேயே ஆய்ந்து முன்வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதை எடுத்து நடத்தும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் மேடை தந்திருக்கிறது. குளத்தின் ஆகாயத்தாமரையோ தெருக்குழாயின் ஒழுக்கோ ஆய்வுப்பொருளாகும் இந்த மாநாடு, இரு நாடுகளிலும் பிள்ளையின் கேள்விக்குத் தரப்பட்ட மிக உயர்ந்த மரியாதை எனலாம்.

ஆனால் அதன் வாயில் திறப்பது பத்து வயதில்; இலங்கையின் வாயில் புலமைப்பரிசிலால் அடைபடத் தொடங்குவதும் ஏறத்தாழ அதே வயதில். அதற்குக் கீழுள்ளோருக்குப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை. ஆறு வயதுப் பிள்ளை, செய்யப்போவதை வாயால் சொல்லி ஒரு படமாக வரைந்தாலே அது திட்டம். எட்டு வயதில் யார், என்ன, எந்த நாள் என்ற மூன்று நிரல் அட்டவணை போதும். வசதி குறைந்தவையாகக் கருதப்படும் சிறு பாடசாலைகளும் ஈராசிரியர் பள்ளிகளும் இதற்கு மிகவும் ஏற்றவை. பல வகுப்புகள் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், சிறியவர் வரைய, பெரியவர் அளக்க, ஒரே திட்டம் ஆண்டுகடந்தும் தொடர முடியும். ஜனவரியில் இலங்கைப் பிள்ளைகளும் ஜூனில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அடுத்த வகுப்புக்கு ஏறினாலும், கன்றுக்குத் தண்ணீர் விடும் முறைப்பட்டியல் அதே சுவரில் இருக்கும்.