வெளியே வர மனமில்லாத அறை

பூட்டிய அறைக்குள் கண்விழிக்கிறோம். மேசை, தலையணை, திரைச்சீலை என்று கிளிக் செய்து சாவி தேடி வெளியேற வேண்டும். 2004-இல் ஜப்பானின் தோஷிமிட்சு தகாகி உருவாக்கிய ‘கிரிம்சன் ரூம்’ உலகெங்கும் பரப்பிய விளையாட்டு வகை அது. அதையே தலைகீழாக்கி, உள்ளேயே இருந்தாக வேண்டும் என்று விதிக்கும் திகில் புதிர்கள்தான் எனக்கு மிகப் பிடித்தவை. கதவு திறந்திருந்தும் போகாமல் இருப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

திருவண்ணாமலையில் அப்படியோர் அறை உண்மையாகவே இருக்கிறது. அருணாசலேஸ்வரர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் படியிறங்கினால் பாதாள லிங்கம். 1896-இல், பின்னாளில் ரமண மகரிஷியான 16 வயது வேங்கடராமன், அந்த நிலவறையில் போய் அமர்ந்தார். வெயில் எட்டாத இடம். பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கின. சீழும் ரத்தமும் வடிந்தன. பையன்கள் கல்லெறிந்தார்கள், சேஷாத்ரி சுவாமிகள் என்ற துறவிதான் அவரைப் பார்த்துக்கொண்டார். கடைசியில் சிலர் உள்ளே இறங்கி அவரைத் தூக்கி வந்தார்கள். அதுகூட அவருக்குத் தெரியவில்லை!

இருட்டு, பூச்சி, வெளியிலிருந்து வரும் கல்: திகில் விளையாட்டு நம்மை விரட்டக் கையாளும் அத்தனையும் அங்கே இருந்தன. கிரிவலம் போகிறவர்கள் அந்தப் படிகளிலும் ஒருமுறை இறங்க வேண்டும்.