கம்பியைப் பிடுங்கினாலும் திறக்கும் நூலகம்

இணையத்தில் கிடைக்கும் அறிவையும் மென்பொருளையும் இறக்கி, இணைப்பே இல்லாத நாளிலும் படிக்கவும் இயக்கவும் ஏற்ற நிலையில் வீட்டில் வைத்துக்கொள்வது ஒரு கைவினை. அதன் தரத்தை அறிய ஒரு சோதனை போதும்: ரவுட்டரை அணைத்துவிட்டு, சேமித்ததைத் திறந்து பார்க்க வேண்டும். படம் வராத பக்கம், இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லும் இன்ஸ்டாலர், கட்டம் கட்டமாகத் தெரியும் எழுத்து என எல்லாக் குறைகளும் அந்தக் கணத்தில் வெளியே வந்துவிடும். டெராபைட் கணக்கில் குவித்தவர் இதில் தோற்றுப்போகலாம். முப்பது ஜிபியைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவர் தேறிவிடலாம்.

இந்த வேலைக்குத் தேவை உண்டானது இணையம் அமைந்திருக்கும் விதத்தால். அச்சான புத்தகம் ஆயிரம் வீடுகளுக்குப் பிரிந்து போய்விடுகிறது. இணையப் பக்கம் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கிறது. படிப்பவர் ஒவ்வொரு முறையும் அங்கே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். சர்வருக்குப் பணம் கட்டுபவர் நிறுத்திக்கொண்டால் எல்லாருக்கும் ஒரே நாளில் அது இல்லாமல் போகிறது. 2013-இல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டது. 1994-இல் தொடங்கி, சாதாரண மனிதர்கள் தங்கள் முதல் இணையப் பக்கங்களைக் கட்டிய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. இன்று அதில் பெரும்பகுதியைப் பார்க்க முடிகிறதென்றால், மூடுவதற்கு முந்தைய மாதங்களில் ஆர்கைவ் டீம் தன்னார்வலர்கள் இரவு பகலாக இறக்கி, மறு ஆண்டு அறுநூறு ஜிபிக்கு மேற்பட்ட டோரண்டாக வெளியிட்டதும் ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் கைவினையில் பிறந்த மிக அழகான பொருள் இசட்ஐஎம் என்னும் கோப்பு வடிவம். விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமல் படிப்பதற்காக எமானுவேல் எங்கல்ஹார்ட்டும் ரெனோ கொதானும் 2007-இல் தொடங்கிய கிவிக்ஸ் மென்பொருள் இதைத் திறக்கிறது. ஜெர்மன் விக்கிப்பீடியா டிவிடியில் வந்த காலத்து ஜெனோ வடிவத்தைச் செப்பனிட்டு இசட்ஐஎம் உருவானது. ஆங்கில விக்கிப்பீடியா முழுவதும், படங்களோடு, நூறு ஜிபியைச் சற்றே தாண்டும் ஒரே கோப்பாக இதில் அடங்குகிறது. விரல் நகத்தளவு 128 ஜிபி மெமரி கார்டில் அதை ஏற்றிவிடலாம்.

அளவைவிட வியப்பானது அது திறக்கும் வேகம். கோப்பைச் சுருக்கும் வித்தை திரும்பத் திரும்ப வரும் சொற்களை நம்பியது. எல்லாக் கட்டுரைகளையும் ஒரே மூட்டையாக இறுக்கினால் இடம் நிறைய மிச்சமாகும். ஆனால் ஒரு கட்டுரைக்காக மூட்டையையே அவிழ்க்க வேண்டிவரும். ஒவ்வொரு கட்டுரையையும் தனியே இறுக்கினால் உடனே கைக்கு வரும். ஆனால் சுருக்கம் போதாது. இசட்ஐஎம் இரண்டுக்கும் நடுவே போகிறது. கட்டுரைகளைச் சிறு பொட்டலங்களாகச் சேர்த்து, ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியே இறுக்குகிறது. ஏற்கெனவே சுருங்கிய படங்களை அது மறுபடி கசக்குவதில்லை. எந்தக் கட்டுரை எந்தப் பொட்டலத்தில் என்ற பட்டியல் அகர வரிசையில் இருக்கிறது. அகராதியை நடுவில் பிரித்து, முன்னா பின்னா என்று பார்த்து, மறுபடி பாதியில் பிரிப்பதைப் போலத்தான் தேடல். ஒரு கோடி தலைப்புகளுக்குள் ஒன்றைப் பிடிக்க இருபத்து நான்கு முறை பார்த்தால் போதும். அதனால்தான் விலை குறைந்த பழைய ஃபோனிலும் கட்டுரை கண் இமைக்கும் நேரத்தில் வந்து நிற்கிறது. சொற்களைத் தேடும் அட்டவணையும் அதே கோப்புக்குள் இருக்கிறது. கோப்பின் கடைசிப் பதினாறு பைட்டுகளில் முழுக் கோப்புக்கான சரிபார்ப்புத் தொகையும் உண்டு. வழியில் எங்காவது கெட்டிருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

பெயர் வைப்பதிலும் இதே ஒழுங்கு. எந்தத் தொகுப்பு, எந்த மொழி, எந்த அளவு, எந்த ஆண்டு, எந்த மாதம் என்பதெல்லாம் கோப்பின் பெயரிலேயே வரிசையாக இருக்கின்றன. அளவு என்பது மூன்று வகை: கட்டுரையின் முன்னுரை மட்டும், படமில்லாத முழுக் கட்டுரை, படங்களோடு முழுவதும். படத்தை விட்டு இடத்தை மிச்சம்பிடிப்பது வரலாற்றுக்கும் வாழ்க்கை வரலாற்றுக்கும் சரிவரும். செடிகொடி, உடற்கூறு, இயந்திரம் என்று வந்தால் அது தவறான சிக்கனம். இலையின் வடிவத்தைச் சொல்லால் மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைப் பொறுத்தவரை இந்தத் தயக்கமே வேண்டாம், படங்களோடு எடுத்தாலும் சாதாரண ஃபோனில் அடங்கிவிடும். ஒரு சிறு எச்சரிக்கை மட்டும்: பழைய ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் நான்கு ஜிபியைத் தாண்டும் எந்தக் கோப்பையும் ஏற்காது. காலி இடம் நிறைய இருந்தும் கோப்பு ஏறாமல் பலர் திகைப்பது இதனால்தான். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் தீர்ந்தது.

விக்கிப்பீடியாவைப் போலத் தன்னைத் தானே தொகுத்துத் தரும் தளங்கள் குறைவு. மற்றவற்றைக் கையால்தான் எடுக்க வேண்டும். ஒரே பக்கம் என்றால் சிங்கிள்ஃபைல் என்ற பிரவுசர் நீட்சி போதும். படங்களை எழுத்துக் குறிகளாக மாற்றிப் பக்கத்துக்குள்ளேயே தைத்துவிடுகிறது. படங்களின் பருமன் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் எந்த பிரவுசரிலும் திறக்கும் ஒற்றைக் கோப்பு கிடைக்கும். தளம் முழுவதும் வேண்டுமென்றால் 1996 முதல் இருக்கும் டபிள்யூகெட், 1998 முதல் இருக்கும் எச்டிடிராக் இரண்டும் ஒவ்வொரு சுட்டியாகப் பின்தொடர்ந்து இறக்கி, வெளியே காட்டிய சுட்டிகளை உள்ளூர்க் கோப்புகளை நோக்கித் திருப்பிவிடும். இதில் ஒரு மரியாதை உண்டு. பக்கத்துக்குப் பக்கம் சில விநாடி இடைவெளி விட்டு இறக்குவதே முறை. தனி ஒருவர் சொந்தக் காசில் நடத்தும் சர்வரை மூச்சுவிடாமல் தட்டினால் மற்றவர்களுக்கு அது முடங்கிப்போகும்.

இன்னும் நுட்பமானவர்கள் நாடுவது வார்க் வடிவம். இன்டர்நெட் ஆர்கைவ் பயன்படுத்திய பழைய வடிவத்திலிருந்து வளர்ந்து, 2009-இல் ஐஎஸ்ஓ தரமானது. பக்கம் எப்படித் தெரிந்தது என்பதை மற்றவை சேமிக்கின்றன. வார்க் பிரவுசரும் சர்வரும் பேசிக்கொண்டதையே சேமிக்கிறது. என்ன கேட்கப்பட்டது, எந்த நொடியில், என்ன பதில் வந்தது என எல்லாம் வார்த்தை மாறாமல் பதிவாகும். பின்னாளில் ஒருவர் சந்தேகப்பட்டால் அதைச் சான்றாக எடுத்துக் காட்டலாம். ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே சுருக்கி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவது இங்கும் வழக்கம். ஒரே சிக்கலுக்கு இரண்டு கூட்டத்தார் தனித்தனியாக ஒரே மாதிரி விடை கண்டிருப்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

பக்கத்தைச் சேமித்தால் மட்டும் அறிவு சேமிக்கப்பட்டதாகாது என்பதைத் தமிழ் வாசகர்கள் வெகு முன்பே தெரிந்துகொண்டார்கள். யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் இயங்கின. பாமினியில் எழுதிய 'அம்மா', அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று ஆங்கிலக் குறிகளாக நிற்கும். பக்கத்தை இறக்கி, எழுத்துருவை இறக்காமல் விட்டவர்களிடம் எஞ்சியது இந்தக் குறிகள்தான். டிஸ்கி குறியாக்கம் இன்னொரு வகை. அதில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவாகின்றன. 'கெ' என்று எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம். யூனிகோடிலோ ககரம் முதலில், கொம்பு பின்னால். 'கொ' டிஸ்கியில் கொம்பு, ககரம், கால் என மூன்று குறி, யூனிகோடில் இரண்டே. ஆகவே ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் போதாது, இடம் மாற்றியும் வைக்க வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் முன்பு டிஸ்கியில் வந்து, பிறகு யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. பழைய கோப்புகளைக் கையில் வைத்திருப்பவர் அவற்றோடு எழுத்துரு, மாற்றி நிரல், மாற்றிய பிரதி மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தால்தான் அந்தத் தொகுப்பு முழுமையானது. மாற்றிய பின் மூலத்தை அழிப்பது பெரிய பிழை. மாற்றியில் ஒரு தவறு பிற்பாடு தெரியவந்தால் திரும்பிப் போக வழியிருக்காது.

மதுரைத் திட்டத்தில் கற்க இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு நூலின் தொடக்கத்திலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்பு பார்த்தவர் பெயர்கள் கொண்ட முகப்புப் பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தை நீக்காதவரை யாரும் நூலைத் தாராளமாகப் பரப்பலாம் என்பது ஏற்பாடு. எங்கிருந்து, யாரால், எந்த உரிமத்தில் வந்தது என்ற குறிப்பு இல்லாத கோப்பு பத்து ஆண்டில் அநாதையாகிவிடும். ஒரு ஃபோல்டருக்கு ஒரு எளிய எழுத்துக் கோப்பில் மூலமுகவரி, இறக்கிய தேதி, உரிமம் மூன்றையும் எழுதி வைப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். இந்தக் கைவினையில் தேர்ந்தவரையும் வெறும் சேகரிப்பாளரையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டு நிமிடம்தான்.

மென்பொருளைச் சேமிப்பதில் பொறிகள் அதிகம். இன்று இறக்கக் கிடைக்கும் இன்ஸ்டாலர்களில் பல சில எம்பி மட்டுமே இருக்கும். ஓட்டினால்தான் மீதியை இணையத்திலிருந்து இழுக்கும். அதைச் சேமிப்பது கடையின் முகவரியைச் சேமிப்பதற்குச் சமம். முழு இன்ஸ்டாலரைத் தேடி எடுக்க வேண்டும். வைஃபை டிரைவரை முதலில் எடுத்து வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம், அது இல்லாமல் இணையத்துக்குப் போய் அதை இறக்க முடியாது. நிரல்களை எழுதுபவர்களுக்குச் சிக்கல் இன்னும் ஆழமானது. 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற பதினொரு வரி நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டதும் உலகெங்கும் எண்ணற்ற திட்டங்கள் கட்ட முடியாமல் நின்றன. தன் நிரல் எவற்றைச் சார்ந்திருக்கிறதோ அவற்றின் பிரதிகளையும் உள்ளூரில் வைத்திருந்தவர்கள் அன்று பாதிக்கப்படவில்லை.

இந்தத் துறையில் முன்மாதிரி டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம். 2023-இல் வந்த அதன் 12-ஆம் பதிப்பில் 64,419 தொகுப்புகள் இருந்தன. ஒவ்வொரு தொகுப்பின் சரிபார்ப்புத் தொகையும் ஒரு பட்டியலில். அந்தப் பட்டியலின் தொகை இன்னொரு கோப்பில். அந்தக் கோப்பின் மேல் டிஜிட்டல் கையொப்பம். நண்பர் வீட்டு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நகலெடுத்தாலும் ஒரு பைட் மாறியிருந்தால் கண்டுபிடித்துவிடலாம், இணையம் தேவையில்லை. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்க 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் கருவியும் இதே மனப்போக்கில் பிறந்தது. ஒரு திட்டத்தை முழுமையாக நகலெடுத்தால் இன்றைய நிரலோடு அதன் வரலாறு மொத்தமும் கூடவே வரும். மூலச் சர்வர் மறைந்தாலும் எந்த நகலிலிருந்தும் அதை மீண்டும் எழுப்பலாம். மேல்மட்டத்தை மட்டும் எடுக்கும் ஆழமற்ற நகல் சேமிப்புக்கு ஆகாது.

நிரல் பிழைத்தும் அதை ஓட்டும் சூழல் செத்துவிடுவது உண்டு. பிரவுசர்களில் அசைபடம் ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருள் 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவை இழந்தபோது, அதில் எழுதிய பல்லாயிரம் விளையாட்டுகளும் பாடப் படங்களும் ஊமையாயின. ஃபிளாஷ்பாயிண்ட் தொகுப்பு அவற்றைக் காப்பாற்றிய விதம் ரசிக்கத்தக்கது. பல விளையாட்டுகள் தாம் இன்ன முகவரியிலிருந்து ஓடுகிறோமா என்று சோதிக்கும். ஃபிளாஷ்பாயிண்ட் கணினிக்குள்ளேயே ஒரு சிறு சர்வரை நிறுத்தி, அந்த முகவரியின் குரலில் பதில் சொல்ல வைக்கிறது. விளையாட்டு, தன் பழைய வீட்டில் இருப்பதாகவே நம்பி ஓடுகிறது.

சேர்த்ததைக் காப்பது மீதி வேலை. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதியைப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பினார். வெளியிடப் பிரதியைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களோடு, வேறு பிரதியே இல்லாத ஏடுகளும் சாம்பலாயின. ஈழத்து நூல்களை மின்வடிவில் திரட்டும் நூலகம் திட்டம் 2005-இல் தொடங்கியபோது அந்த நினைவு அதன் பின்னால் இருந்தது. ஊடகத்தில் பென் டிரைவையும் எஸ்எஸ்டியையும் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி அலமாரியில் வைப்பது நல்லதல்ல, அவற்றின் மின்னூட்டம் மெல்லக் கசியும். சுழலும் ஹார்ட் டிஸ்க் இவற்றைவிடத் தேவலை. எதுவானாலும் ஷா-256 முறையில் சரிபார்ப்புத் தொகைகளை முதல் நாளே கணக்கிட்டு வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட வேண்டும். தொகை ஒத்துப்போவது கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே சொல்லும். திறக்கிறதா என்பதை அறிய, விதைநெல்லை ஆண்டுதோறும் முளைகட்டிப் பார்ப்பதுபோல, சிலவற்றை வேறொரு கணினியில் போட்டு இயக்கிப் பார்த்தே ஆகவேண்டும்.

பிறர் கைக்குப் போகாத தொகுப்பு பாதிப் பயன்தான் தரும். கிவிக்ஸின் சர்வர் பகுதியை ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் ஓட்டி வைஃபையோடு இணைத்தால், வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஃபோன்கள் எல்லாம் பிரவுசரிலேயே படிக்கலாம். அவற்றில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. இப்படிப் பகிர்வது நாடளவிலும் நடந்திருக்கிறது: கியூபாவில் இணையம் அரிதாக இருந்த காலத்தில், 'எல் பாக்கெட்டே' என்ற பெயரில் வாரந்தோறும் ஏறத்தாழ ஒரு டெராபைட் தரவு ஹார்ட் டிஸ்க்குகளில் கைமாறி நாடெங்கும் போனது.

புதிய பதிப்பு வந்ததும் பழையதை அழிப்பதா என்ற கேள்வி எஞ்சுகிறது. இடம் இருந்தால் சில ஆண்டுகளுக்கு ஒன்றாவது வைத்துக்கொள்ளலாம். 2019-இன் விக்கிப்பீடியாத் தொகுப்பில் கோவிட் என்ற நோய்க்குக் கட்டுரை கிடையாது; அடுத்த இரண்டு ஆண்டுத் தொகுப்புகளில் அது கிளை கிளையாக விரிந்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து வைத்துக்கொண்டு, உலகத்துக்கு எது எப்போது தெரிந்தது என்று ஒரு மாலை முழுவதும் படிக்கலாம்.